பழைய பிக்-அப் வண்டியின் கை பிரேக்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், உங்களில் சிலருடைய வீட்டு வாசலில் நிற்கும் பழைய பிக்-அப் வண்டியின் கை பிரேக். "இதற்கெல்லாம் ஒரு பேச்சா?" என்று சிலர் நினைக்கலாம். ஓடும் வண்டியை நிறுத்துவது கால் பிரேக். நின்ற வண்டியை நின்ற இடத்திலேயே பிடித்து வைப்பது கை பிரேக். முதலாவது கெட்டால் அன்றைக்கே பட்டறைக்கு ஓடுகிறோம். இரண்டாவது கெட்டால் ஒரு கல்லைத் தேடுகிறோம்.

அந்தக் கல்லைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நாம் பணியாற்றும் தோட்டத்தில் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் டிரைவர் அண்ணன். 1970களின் கடைசியில் வந்த டாட்சன் பிக்-அப் ஒன்று அவரிடம் உண்டு. காய்கறி ஏற்றுவார்; கோயில் திருவிழா வந்தால் பந்தல் சாமான் ஏற்றுவார்; யாராவது வீடு மாறினால் கட்டில் பீரோ ஏற்றுவார். அந்த வண்டிக்குக் கை பிரேக் இருந்தது, ஆனால் பிடிக்காது. ஆகவே வண்டி எங்கே நின்றாலும் அவருடைய பேரன் குதித்து இறங்கி, ஒரு கருங்கல்லைப் பின்சக்கரத்தின் அடியில் போடுவான். அந்தக் கல்லுக்கு வண்டியில் தனி இடமே ஒதுக்கியிருந்தார்கள். பையனுக்குப் பத்து வயது. நம்முடைய வகுப்பில்தான் படித்தான்.

2011ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்திய வாரம். விடியற்காலையில் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. லயத்து வீடுகளுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஆயாக் கொட்டகைக்கு மேலே உள்ள மேட்டில் வண்டி நின்றது. டிரைவர் அண்ணன் கியரில் விட்டுத்தான் இறங்கினார். பையன் கல்லைப் போட்டான். மூட்டைகளை இறக்க இருவர் மேலே ஏறினார்கள். வண்டி ஆடியது. ஈரச் செம்மண்ணில் கல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பழைய எஞ்சின், அமுக்கம் குறைந்துபோனது. அந்தப் பாரத்தை அதனால் பிடித்து நிறுத்த முடியவில்லை. வண்டி மெதுவாக, பிறகு வேகமாகப் பின்னால் உருண்டது. கொட்டகைக்கு இருபதடி முன்னால் மழைநீர்க் கால்வாயில் ஒரு சக்கரம் இறங்கி, அதனால் நின்றது. உள்ளே பதினொரு குழந்தைகள் தூளியில் கிடந்தன. யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தப் பையன், கல்லை எடுத்து மறுபடியும் போட்டுவிடலாம் என்று, உருளும் வண்டிக்குப் பின்னால் ஓடினான். பள்ளி வாசலில் நின்று அதை நாம் கண்ணால் பார்த்தோம். கத்தினோம். அவன் காதில் விழவில்லை.

அன்று வகுப்பில் பாடம் நடத்த மனம் வரவில்லை. கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். வண்டியும் சுமையுமாக 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆறடி நடந்தால் ஓரடி ஏறும் மேடு. அப்படியானால் வண்டியைக் கீழே இழுக்கும் விசை 1,500இல் ஆறில் ஒரு பங்கு, அதாவது 250 கிலோ எடைக்குச் சமம். ஐம்பது கிலோ உர மூட்டைகள் ஐந்து! அந்தப் பாரத்தைத்தான் ஒரு பத்து வயதுப் பையனும் ஒரு கல்லும் ஒவ்வொரு நாளும் தடுத்து நின்றார்கள். கணக்கின் விடையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கவில்லை.

அந்த வாரமே பட்டணத்துப் பட்டறை ஒன்றில் கேட்டார்கள். 300 வெள்ளி ஆகும் என்றார்கள். "முந்நூறு வெள்ளியா! வண்டியை விற்றாலே அதற்குமேல் என்ன வரப்போகிறது, வாத்தியாரே?" என்று டிரைவர் அண்ணன் கையை விரித்தார். பட்டறைக்காரர் கேட்டது அநியாயம் என்று சொல்ல மாட்டோம். புதுச் சாமான், கூலி, இடத்து வாடகை எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு ஆகும். ஆனாலும் நம்மிடம் இருந்தது இரண்டு ஞாயிற்றுக்கிழமையும், டிரைவர் அண்ணனின் நாற்பது ஆண்டு அனுபவமும், ஒரு பெட்டி ஸ்பேனரும். நாம் பொறியியல் படித்தவர் அல்லர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அரமும் சுத்தியலும் பிடித்ததோடு சரி. இருந்தும் அந்தக் கை பிரேக் பிடித்தது. செலவு 46 வெள்ளி. எப்படி என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

முதலில் அது வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். சைக்கிள் பிரேக்கை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கைப்பிடியை அழுத்தினால், குழாய் போன்ற உறைக்குள் ஓடும் கம்பி இழுபட்டு, ரப்பர்க் கட்டையைச் சக்கரத்தின் மேல் அழுத்துகிறது. பிக்-அப் வண்டியிலும் இதே தத்துவம்தான். பழைய டாட்சன், ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் கை பிரேக், ஸ்டியரிங்குக்குக் கீழே குடைக் கைப்பிடி போல நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் 'கடக் கடக்' என்று பற்களில் விழுந்து நிற்கும், திருகினால் விடும். அதிலிருந்து ஒரு கம்பி வண்டியின் அடிவயிற்றுக்குப் போகிறது. அங்கே ஒரு சமன்தண்டு இருக்கிறது. அதிலிருந்து இரண்டு கம்பிகள் பிரிந்து, ஆளுக்கொரு பின்சக்கரத்துக்குப் போகின்றன.

இந்தச் சமன்தண்டை மாட்டுவண்டியின் நுகத்தடிக்கு ஒப்பிடலாம். ஒரு மாடு முந்தினால் நுகத்தடி சாய்ந்து மற்ற மாட்டின் மேல் பாரத்தைத் தள்ளும் அல்லவா? அதுபோல இரண்டு சக்கரத்துக்கும் இழுப்பைச் சரிபாதியாகப் பங்கிடுவது இதன் வேலை. ஒரு பக்கத்துக் கம்பி துருப்பிடித்து உறைக்குள் இறுகிவிட்டால், அந்தச் சக்கரத்துக்கு இழுப்புப் போய்ச் சேராது. தண்டும் கோணலாக நிற்கும். வண்டிக்கடியில் தலையை நீட்டித் தண்டு எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

பின்சக்கரத்தின் உள்ளே ஒரு டிரம், அதாவது கவிழ்த்த சட்டி போன்ற இரும்பு. அதற்குள் பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள். ஷூவின் முதுகில் ஒட்டியிருப்பதுதான் லைனிங். கம்பி இழுபடும்போது உள்ளே ஒரு சிறிய நெம்புகோல் அசைந்து, இரண்டு ஷூக்களையும் டிரம்மின் உள்சுவரில் அழுத்துகிறது. கால் பிரேக்கும் இதே ஷூக்களைத்தான் அழுத்துகிறது, ஆனால் எண்ணெயின் அழுத்தத்தால். ஆகவே கை பிரேக் பிடிக்கவில்லை என்றால் குற்றம் கம்பியிலும் இருக்கலாம், ஷூவிலும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்து அறியாமல் பெரும்பாலோர் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: வண்டிக்கடியில் படுத்துக் கம்பியின் நட்டை மட்டும் முடுக்குகிறார்கள். ஷூ தேய்ந்து டிரம்மை விட்டு எட்டப் போயிருக்கும்போது கம்பியை எவ்வளவு முடுக்கினாலும் சில நாளைக்குத்தான். மேலும் உள்ளே இருக்கும் நெம்புகோல் தன் இருப்பிடத்துக்குத் திரும்ப முடியாமல் பாதி இழுத்தபடியே நிற்கும். அதனால் தானாகச் சரிசெய்து கொள்ளும் அமைப்புள்ள வண்டிகளில் அந்த அமைப்பும் முடங்கும். முதலில் ஷூவைச் சரிசெய்ய வேண்டும், பிறகுதான் கம்பி. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

டிரைவர் அண்ணனுடைய வண்டியும் இந்தக் கதைதான். சமன்தண்டின் நட்டு மரையின் கடைசிவரை முடுக்கப்பட்டு, அதற்கு மேல் இடமில்லாமல் நின்றது.

இனி வேலைக்கு வருவோம். வேலைக்கு முன் ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதைக் கவனமாகக் கேளுங்கள். கை பிரேக்கைப் பழுதுபார்க்கும்போது கை பிரேக்கை விட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது வண்டியைப் பிடிப்பது எது? "கியரில் போட்டிருக்கிறேன்" என்பார்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் கியர் பயன்படாது. பின் அச்சின் நடுவிலே டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. தூக்கிய சக்கரம் காற்றில் ஒரு திசையில் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் எதிர்த் திசையில் உருள அது இடம் கொடுக்கும். எஞ்சின் அசையாது, வண்டி நகர்ந்து ஜாக்கி சாய்ந்துவிடும். ஆகையால் சமதரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கியபின் சட்டத்தின் அடியிலோ அச்சின் அடியிலோ வைரம் பாய்ந்த மரக்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் வண்டியை உட்கார வைக்க வேண்டும். செங்கல், சிமெண்டுக் கல் வைக்கக் கூடாது. பாரம் ஏறினால் அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர் வீட்டாரை நினைத்துப் பார்க்க வேண்டும். தாய்மார்களே, உங்கள் வீட்டு ஆண்கள் இதில் அலட்சியமாக இருந்தால் சத்தம் போடுங்கள்.

சக்கரத்தைக் கழற்றினால் டிரம் தெரியும். சில வண்டிகளில் கையால் இழுத்தாலே வரும். பழைய வண்டியில் வராது; துரு பிடித்துக்கொள்ளும். மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்ட வேண்டும். பல ஜப்பானிய வண்டிகளில் டிரம்மின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் பொருந்தும் போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் டிரம் தானே வெளியே வரும். இது தெரியாமல் சம்மட்டியால் அடித்து டிரம்மை உடைத்தவர்களும் உண்டு.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூள் குவிந்திருக்கும். இங்கே நமக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: வாயால் 'உஃப்' என்று ஊதுவது. தயவு செய்து ஊதாதீர்கள். காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் கலந்திருக்கும். அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை அவை. கண்ணால் பார்த்து, இதில் கல்நார் இருக்கிறது, இதில் இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே எல்லாவற்றையும் இருப்பதாகவே கொள்வோம். சோப்புத் தண்ணீரைத் தெளித்துத் தூளை நன்றாக நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்துவிட வேண்டும். வேலைச் சட்டையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். வேலை நடக்கும்போது பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்வதும் நல்லது.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போடாதீர்கள். ஒரு பக்கம் முடிந்தபின் மறுபக்கம். எந்தச் சுருள்கம்பி எந்தத் துளையில் என்று மறந்துவிட்டால், பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் தூளைத் துடைத்து முடித்தபின் டிரைவர் அண்ணனின் பேத்தியை அழைத்து, பார்த்ததைப் பார்த்தபடி படம் வரையச் சொன்னோம். ஒன்பது வயதுப் பெண். சுருள்கம்பியின் கொக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுவரை வரைந்திருந்தாள். கடைசியில் அந்தப் படம்தான் எங்களைக் காப்பாற்றியது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நாங்களே குழம்பிவிட்டோம்.

இப்போது லைனிங்கைப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கும் மெலிந்துவிட்டால், அல்லது ரிவெட் ஆணியின் தலை மேல்மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். புது ஷூ வாங்கப் பணம் இல்லையென்றால், பழைய ஷூவிலேயே புது லைனிங் ஒட்டித் தரும் கடைகள் உண்டு, செலவு குறையும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தால்? அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அச்சின் ரப்பர்ச் சீல் ஒழுகினால் கறுத்த, பிசுபிசுப்பான எண்ணெய் வரும். பிரேக் எண்ணெய் உருளை ஒழுகினால் மெல்லிய பிரேக் எண்ணெய் வரும். பெட்ரோலில் கழுவி நெருப்பு வைத்தால் எண்ணெய் போய்விடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போகாது; உள்ளே ஊறியது ஊறியதுதான், நெருப்பு விபத்துதான் மிச்சம். லைனிங்கை மாற்ற வேண்டும்; ஒழுக்கையும் அடைக்க வேண்டும். உருளை ஒழுகுமானால் அது கால் பிரேக்கின் குற்றம். அதை வீட்டில் செய்து பழக வேண்டாம். அதற்கு மட்டும் கடன் வாங்கியாவது பட்டறைக்குப் போகச் சொல்வோம்.

டிரைவர் அண்ணனின் வண்டியில் லைனிங் பாதிக்கு மேல் இருந்தது. எண்ணெய் ஒழுக்கும் இல்லை. ஆனால் உள்ளே இருந்த நெம்புகோல் அதன் ஆணியில் துருப்பிடித்து அசையவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மெல்ல ஆட்டி ஆட்டி அதை விடுவித்தோம். மண்ணெண்ணெய் லைனிங்கின் மேல் படாதிருக்க ஷூவை முதலிலேயே கழற்றித் தனியாக வைத்துவிட்டோம். பிறகு ஆணியிலும், ஷூ உராயும் பின்தட்டின் மேடுகளிலும் சூடு தாங்கும் கிரீஸை ஈர்க்குச்சி நுனியால் தொட்டு வைத்தோம். விரலால் அள்ளிப் பூசினால் சூட்டில் உருகி லைனிங்கில் வழியும். அப்புறம் பட்ட பாடெல்லாம் வீண்.

அடுத்தது கம்பி. பெரும்பாலான பழைய வண்டிகளில் நோய் இங்கேதான். கம்பியின் உறை, பின்தட்டில் மூன்று நான்கு வில்நகங்களால் பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நகமாக அழுத்தப் போனால் ஒன்று உள்ளே போகும், இன்னொன்று வெளியே வரும். பொருந்தும் அளவு வளைய ஸ்பேனர் ஒன்றைக் கம்பி முனை வழியாக நகங்களின் மேல் தள்ளினால் எல்லா நகங்களும் ஒரே சமயத்தில் அமுங்கும், உறை கழன்றுவிடும்.

கழற்றிய கம்பியை உறைக்குள் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் உறையைச் செங்குத்தாகத் தொங்க விட்டு, மேல்முனையில் ஒரு சிறு பிளாஸ்டிக் பையைப் புனல்போல இறுக்கக் கட்டி, முதலில் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். கீழே பழைய டின் ஒன்றை வையுங்கள். செம்மண் கலந்த துருநீர் சொட்டும். இடையிடையே கம்பியை மேலும் கீழும் இழுத்துக் கொடுங்கள். தெளிவாகச் சொட்டத் தொடங்கியதும் எஞ்சின் எண்ணெய் ஊற்றி, ஓர் இரவு முழுவதும் அப்படியே தொங்கவிட வேண்டும். எங்கள் கம்பி, லயத்து வாசல் உத்தரத்தில் தொங்கியது. வந்தவர் போனவர் எல்லாம் என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள்!

இதற்கு இரண்டு விலக்கு உண்டு. உறைக்குள் நைலான் குழாய் வைத்த பிற்காலத்துக் கம்பிகளுக்கு இந்த வைத்தியம் அவ்வளவாகப் பயன்படாது. கம்பியின் ஓர் இழை அறுந்திருந்தாலும் அதை மாற்றியே ஆக வேண்டும். அறுந்த இழை முள்போல நிற்கும். அன்றாடம் பக்கத்து இழையையும் அரித்துக்கொண்டே போகும். எங்களுடைய வலப்பக்கக் கம்பி எண்ணெய் குடித்துப் பிழைத்தது. இடப்பக்கக் கம்பியில் நான்கு இழைகள் அறுந்திருந்தன. வண்டிகளை உடைத்து விற்கும் பொத்தோங் கடையில் தேடி, அதே வகை வண்டியிலிருந்து எடுத்த கம்பியை 25 வெள்ளிக்கு வாங்கினோம். பழைய கம்பியைக் கையோடு கொண்டுபோய், நீளத்தையும் இரண்டு முனைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும். "எல்லாம் ஒன்றுதான், தம்பி" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி ஒருவர் இரண்டு முறை பஸ்ஸுக்குக் காசு கொடுத்த கதை நமக்குத் தெரியும். மற்ற செலவு: கிரீஸ் 6 வெள்ளி, பிரேக் கழுவும் டின் ஒன்று 12 வெள்ளி, கொண்டை ஆணிகளும் பிளவு ஆணிகளும் 3 வெள்ளி.

இந்த மூன்று வெள்ளிச் சாமானை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். கம்பியும் தண்டும் சேரும் இடங்களில் கொண்டை ஆணி கோத்திருக்கும். அது தேய்ந்து, துளையும் முட்டை வடிவமாகிவிட்டால், கைப்பிடியின் இழுப்பில் ஒரு பகுதி அந்த ஆட்டத்திலேயே செலவாகிவிடும். ஆணி கழன்று விழாதிருக்கப் பிளவு ஆணிதான் போட வேண்டும். கட்டுக்கம்பி, சுவரில் அடிக்கும் ஆணி, தலைமுடி ஊசி எல்லாவற்றையும் இந்த இடத்தில் நாம் பார்த்திருக்கிறோம். அதுபோல நீண்டுபோன கம்பியை மடித்து இறுக்கிக் கிளிப் போடுவதும் தப்பு. ஒருநாள் அது நழுவும், அதுவும் பாரம் உள்ள நாளில். கம்பி கொஞ்சம்தான் நீண்டிருக்கிறது, மரைதான் தீர்ந்துவிட்டது என்றால், சமன்தண்டுக்கும் நட்டுக்கும் இடையே இரண்டு மூன்று தடித்த வாஷர்களைக் கோத்துக்கொள்ளலாம். அது குற்றமில்லாத சிக்கனம்.

கைப்பிடியின் பற்கள் தேய்ந்து, இழுத்த நிலையில் நிற்காமல் நழுவினால், முதலில் மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். பல நேரங்களில் அழுக்குத்தான் காரணம். பல்லில் விழும் நாக்கை அரத்தால் கூர்தீட்டலாம் என்பார்கள். செய்யலாம், ஆனால் சில மாதங்களுக்கு மேல் அதை நம்ப வேண்டாம். பொத்தோங் கடையில் கைப்பிடியை முழுதாக வாங்கிப் போடுவதே மேல்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபின் சரிசெய்யும் வேலை. கை பிரேக்கை முழுதும் விட்டுவிடுங்கள்; சமன்தண்டின் நட்டையும் நன்றாகத் தளர்த்துங்கள்; வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். பின்தட்டில் ஒரு நீண்ட துளை இருக்கும். அதன் வழியே தட்டைத் திருப்புளியை விட்டால் சிறிய பல்சக்கரம் தட்டுப்படும். வேறு சில வண்டிகளில் வெளியே சதுர முனைத் திருகு இருக்கும். அதைத் திருப்பிக்கொண்டே போனால் ஷூ விரிந்து சக்கரம் சுற்றாமல் நிற்கும். அங்கிருந்து பல் பல்லாகப் பின்னுக்குத் திருப்புங்கள். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். காதை வைத்துக் கேட்டால் 'ஸ்ஸ்' என்ற மெல்லிய உரசல் கேட்கலாம். மறு சக்கரத்துக்கும் அப்படியே. பிறகு கால் பிரேக்கைப் பத்து முறை அழுத்தினால் ஷூக்கள் தமக்குரிய இடத்தில் அமரும். மறுபடியும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இதற்குப் பின்னர்தான் கம்பியின் நட்டு. தொய்வு போகும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். கைப்பிடியை மூன்று நான்கு 'கடக்' இழுத்தால் சக்கரம் உராயத் தொடங்க வேண்டும். ஏழெட்டில் இரண்டு சக்கரமும் இருவர் சேர்ந்து திருப்பினாலும் அசையக் கூடாது. வண்டிக்கு வண்டி இந்த எண்ணிக்கை கொஞ்சம் மாறும். விட்டதும் இரண்டும் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஒன்று சுற்றி மற்றது சுற்றாவிட்டால் அந்தப் பக்கத்துக் கம்பியை மீண்டும் பாருங்கள். கடைசியில் பூட்டு நட்டை இறுக்க மறந்துவிடாதீர்கள். சக்கரத்தை மாட்டி இரண்டு மூன்று மைல் ஓட்டிவிட்டு, டிரம்மின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 'சொய்ங்' என்று கொதித்தால் பிரேக் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. கொஞ்சம் தளர்த்த வேண்டும். கையால் தொட்டுப் பார்த்துக் கொப்புளம் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

மேட்டுச் சோதனையை இரண்டாவது ஞாயிறு மாலையில் செய்தோம். கீழே ஆள் நடமாட்டம் இல்லாத, அடியில் மண்மேடு உள்ள சரிவைத் தேர்ந்தெடுத்தோம். டிரைவர் அண்ணன் இருக்கையில் இருந்தபடியே கை பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தார். வண்டி அசையவில்லை. நான்கு பேர் பின்னால் ஏறிக் குதித்துப் பார்த்தோம். அப்போதும் அசையவில்லை. முகத்தைத் திரும்பிப் பார்க்காமலே, "எத்தனை வருஷமாச்சு!" என்றார்.

ஏன் அத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். கை பிரேக் கொஞ்சம் தளர்ந்ததும் அவர் அதை இழுப்பதையே விட்டுவிட்டார். இழுக்காத கம்பிக்குள் தண்ணீர் தங்கித் துருப்பிடித்தது. துருப்பிடித்ததால் பிறகு இழுத்தாலும் பயனில்லை. நம் தோட்டத்து வண்டிகளுக்கு இன்னொரு பகையும் உண்டு: உரம். செம்பனைக்குப் போடும் உரங்கள் உப்பு வகையைச் சேர்ந்தவை. மூட்டையிலிருந்து சிந்தும் தூள், மழைநீரோடு கலந்து அடியில் இறங்கினால் இரும்பை வேகமாக அரிக்கும். உரம் ஏற்றிய அன்றே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவிவிட வேண்டும். கை பிரேக்கை அன்றாடம், சமதரையில் நின்றாலும், இழுத்து விட வேண்டும். சரக்கு வண்டியாகப் பதிவு செய்தவர்கள் காலமுறைப் பரிசோதனைக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அங்கே கை பிரேக்கையும் சோதிப்பார்கள் என்பதை நினைவூட்டுகிறோம்.

மேட்டில் நிறுத்தும்போது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டே கை பிரேக்கை இழுங்கள், பிறகு கியர். வண்டியின் முகம் மேடு நோக்கியிருந்தால் முதல் கியர், பள்ளம் நோக்கியிருந்தால் ரிவர்ஸ் கியர். பாரம் ஏற்றி இறக்கும்போது இவற்றோடு ஒரு சக்கரக் கட்டையும் கொடுங்கள். உருண்டைக் கல் அல்ல. ஆப்பு வடிவில் அறுத்த மரக்கட்டை. எங்கள் பள்ளியில் கைவேலை நேரத்தில் பழைய ரயில் சிலிப்பர்க் கட்டையில் இப்படி ஆறு ஆப்புகள் அறுத்தோம். ஒவ்வொன்றிலும் துளையிட்டு ஒரு கஜம் கயிறு கட்டியிருக்கிறது. கட்டையை வைப்பதானாலும் எடுப்பதானாலும் சக்கரத்துக்குப் பின்னால் போகாமல், பக்கவாட்டில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டே செய்யலாம். அந்த ஆறில் முதலாவதை அறுத்தவன் டிரைவர் அண்ணனின் பேரன்தான். கல்லை அவன் பாட்டி எடுத்துக்கொண்டு போய்த் துணி துவைக்கும் இடத்தில் போட்டுக்கொண்டார்.